நீரின் வயது

மாந்தர்க்கு வயது உண்டு. மரத்திற்கும் வயது உண்டு. நீருக்கும் வயது உண்டு என்றால் சிலர் நகைப்பர். ஆயினும் மண்ணுள் புகுந்த மழைநீர் அங்கே தங்கியிருந்த காலத்தையே அதன் வயது என்று அறிஞர் கூறுவர்.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேல்மலையனூர் கடினப் பாறை நிலத்தைச் சார்ந்தது. அங்குக் கிணற்று நீர், சிதைந்த பாறையடுக்கிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும் தங்குகின்றது. மழை நன்கு பெய்தால் கிணறு நிரம்பும். மழை பொய்த்தால் கோடையில் வற்றும். இவ்வாறு மழையோடு ஏறி இறங்கும் நீர் பெரும்பாலும் இளமையானது. ஆண்டுதோறும் வரும் வருவாயைப் போன்றது.

எல்லா நிலத்தடி நீரும் இத்தன்மையதன்று. ஆழத்தே பன்னெடுங்காலம் அடைபட்டுக் கிடக்கும் நீரும் உண்டு. நிறத்தாலோ சுவையாலோ அதன் முதுமையை அறிதல் இயலாது. அதற்குக் கதிரியக்கக் கரியணு துணைபுரிகின்றது. வான்வெளியில் தோன்றும் அவ்வணு, காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவுடன் மழைநீரில் கரைகின்றது. நீர் ஆழத்தே சென்று அடைபட்டபின் புதிய அணுக்கள் சேர்வதில்லை. இருப்பவை மெல்ல அழிகின்றன. 5,730 ஆண்டுகளில் பாதி எஞ்சும். மேலும் அத்துணை ஆண்டுகள் சென்றால் காற்பங்கே எஞ்சும். சுண்ணாம்புப் பாறையிலிருந்து பழைய கரி கலந்திருப்பின் கணக்குப் பிழைபடுமாதலின், அதனையும் ஆய்ந்து திருத்துவர்.

மேல்மலையனூருக்குத் தெற்கே, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள மணற்படுகையில் மிகுந்த அழுத்தத்துடன் நீர் நிற்கின்றது. அதனை இறைத்து அழுத்தத்தைத் தணித்த பின்னரே நிலக்கரியை வெட்டியெடுக்க இயன்றது. அப்படுகையின் நீரைக் கரியணு முறையால் ஆராய்ந்தபோது, மழை உட்புகும் பகுதியில் இளமையான நீரும், கடலை நோக்கிச் செல்லுந்தோறும் பல்லாயிரம் ஆண்டு முதிர்ந்த நீரும் இருத்தல் புலனாயிற்று.

பாலை நிலத்து நீரோ இதனினும் முதியது. அதற்குக் கரியணு போதாது. 2,29,000 ஆண்டுகளில் பாதியாகும் கிரிப்டான்-81 என்னும் அணு வேண்டும். நீரில் மிகமிகச் சிலவாகவே உள்ள அவ்வணுக்களை லேசர் ஒளியால் ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ணினர். எகிப்தின் மேற்குப் பாலையில் எடுத்த நீர் ஏறத்தாழ 2 இலட்சம் முதல் 10 இலட்சம் ஆண்டுகள் வரை முதிர்ந்தது என்று 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இன்று மழையே அரிதான அந்நிலத்தில் முன்னொரு காலத்தே பெய்த மழை அது.

இத்தகைய நீரை இறைத்தல் முன்னோர் வைத்த முதலை எடுத்துச் செலவிடுதல் போன்றது. எடுத்தல் தவறன்று, அதனை ஆண்டு வருவாய் என்று மயங்குதலே தவறு. வருவாய் குறைந்தால் அடுத்த மழை ஈடு செய்யும். முதல் தீர்ந்தால் பேரனின் பேரன் காலத்தும் அது மீளாது. ஆதலின், நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்று வினவுவோர், அஃது எக்காலத்து மழை என்றும் வினவுதல் வேண்டும்.