உறுதியும் கிணறும்

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் புறப்படுபவர் எவரும் முதலிற் கேட்பது, "பரப்பு என்ன விலை?" என்பதாகும். அடுத்த கேள்வி, வாசல் எத்திசை நோக்கியது என்பது. இவ்விரண்டுக்கும் விடை கிடைத்ததும் பலர் முற்பணம் எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 2,722 சதுர அடி. அந்தச் சிறிய அளவுக்குள் ஒரு குடும்பத்தின் வாழ்நாட் சேமிப்பும், கடல் கடந்துள்ள பிள்ளைகளின் இரவு வேலைச் சம்பளமும் அடங்கிவிடுகின்றன. எமது பாட்டனார் காலத்தில் ஒரு சோடி மாடு வாங்குவதற்கு மூன்று சந்தை பார்ப்பார்கள். பல்லைப் பிடித்துப் பாராமல் எவரும் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார்கள். வீட்டுக்கும் அவ்வாறு பிடித்துப் பார்க்கவேண்டியவை இரண்டு உள. ஒன்று உறுதி; மற்றொன்று கிணறு. சுவரும் கூரையும் அவற்றின் பின்னரே.

கடந்த இரண்டாண்டுகளுள் வீடு விற்றலையும் வாங்குதலையும் நாம் ஒருங்கே செய்ய நேர்ந்தது. வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் எமது தாயார் வாழ்ந்த வீட்டை விற்றோம். கற்பிக்கும் கல்லூரிக்கு அண்மையில் ஒரு சிறு வீட்டை வாங்கினோம். அதனால் மேசையின் இரு பக்கத்திலும் இருந்து பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. பட்டப்படிப்பை முடித்து உத்தியோகத்திற் புகும் இளைஞர்க்கும், பெண் பிள்ளைகளுக்கு வீடு தேடும் பெற்றோர்க்கும் பயன்படக்கூடும் என்று கருதி, கண்டவற்றுட் சிலவற்றை இங்கே சொல்கிறோம்.

உறுதியைப் படிப்பதென்பது அதில் உள்ள பெயரைப் பார்ப்பது மாத்திரமன்று. விற்பவருக்கு இக்காணி எவ்வாறு வந்தது? சீதனமாகவா, நன்கொடையாகவா, அறுதியாக வாங்கியதா, பெற்றோருக்குப் பின் உரிமை வழியாக வந்ததா? அவருக்குக் கொடுத்தவருக்கு எவ்வாறு வந்தது? இவ்வாறு பின்னோக்கிச் செல்லவேண்டும். முப்பது ஆண்டுக்கேனும் இவ்வழியைத் தேடுவது சட்டத்தரணிகளின் வழக்கம். காணிப் பதிவகத்தில் ஏடுகளைத் தேடினால் ஈடு, ஒற்றி, சீவிய உரித்து முதலியன பதியப்பட்டிருப்பின் வெளிப்படும். இவற்றுட் சீவிய உரித்தைப் பலர் கவனிப்பதில்லை. மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்த தாயார் தமது சீவிய உரித்தை வைத்துக்கொண்டிருப்பாராயின், மகள் மாத்திரம் ஒப்பமிட்டு விற்ற வீட்டில் அத்தாயார் தம் வாழ்நாள் முழுவதும் இருக்கலாம். விலை கொடுத்தவர் படலைக்கு வெளியே நிற்கவேண்டியதுதான்.

உறுதி தொலைந்துவிட்டது என்று விற்பவர் கூறுவதும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, உறுதிகளை ஒரு பையில் இட்டு மார்போடு அணைத்துச் சென்றவர் பலர். அவ்வாறு எடுக்க இயலாமற் போனவரும் பலர். ஆதலால் அக்கூற்றைப் பொய் என்று தள்ளிவிடுதல் தகாது. அதற்காக அப்படியே நம்பிவிடவும் கூடாது. மூல உறுதி வட்டிக்குப் பணம் கொடுத்தவரின் அலமாரியில் இருக்கவும் கூடும். பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்று, அதன் பின்னரே பேச்சைத் தொடர்க.

முற்பணத்தைக் கைக்கடிதத்தில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் நம்மவரிடையே ஒழியவில்லை. காணி விற்பனையாயினும், விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையாயினும், நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படாவிடின் சட்டத்தின் முன் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு அணித்தாகிவிட்ட விதியை அறியாமல் இன்றும் கைக்கடிதம் எழுதுவோரை என்னென்பது! எழுதிய உறுதியைப் பதிவு செய்யத் தாமதிப்பதும் ஆபத்தே. அதே காணியைப் பின்னர் விலைக்கு வாங்கிய வேறொருவர், வஞ்சகமின்றி, தமது உறுதியை முந்திப் பதிந்துவிட்டால் அவர் உரிமையே மேம்படும்.

தேசவழமை என்ற சொல்லைக் கேட்டதும் இளைஞர் அது பழங்கதை என்று எண்ணுகின்றனர். வீடு வாங்கும்போதுதான் அது உயிரோடு எதிரே வந்து நிற்கும். பிரிபடாத பங்கை ஒருவர் விற்க முற்படின், உடன் உரிமையாளருக்கும் உரித்தாளருக்கும் முன்னீட்டு உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கவேண்டும் என 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் வகுக்கின்றது. "பங்காளி வெளிநாட்டிலே, கேட்கமாட்டார்" என்ற பேச்சு இதற்கு விடையாகாது.

இன்னொன்று, மிகப் பல குடும்பங்களைத் தொடுவது. இங்கே வீடுகளிற் பெரும்பாலானவை சீதன வீடுகள். மனைவியின் பெயரில் உள்ளவை. ஆயினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசைவற்ற சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். எமது மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் கல்லூரி வாசலில் எம்மைக் கண்டு, "சேர், வீடு என்ர பேரிலைதான். அவர் காணாமற்போய்ப் பதினைஞ்சு வருசமாச்சு. கையெழுத்துக்கு நான் எங்கை போக?" என்று கேட்டார். வாங்க வந்தவர் சம்மதம் இல்லை என்பதைக் காரணமாக்கி விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்டிருந்தார். கணவன் இருக்குமிடம் தெரியாத மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அச்சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற அதே சட்டத்தில் வழி உண்டு. அவ்வழியை அவருக்கு எவரும் சொல்லவில்லை. சட்டத்தரணி ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவ்விலைக்கு அவர் வீட்டை விற்கவில்லை. தன் தாயார் தந்த வீட்டை விற்க ஒரு பெண் இவ்வாறு வாசல் வாசலாக நிற்கவேண்டியிருப்பது நியாயமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். எமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினரும் ஒன்றை அறிதல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் அந்நியருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கின்றது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அத்தடை இல்லை. உரிமை வழியாகப் பெற்றோரின் சொத்தை அடைவதற்கும் விலக்கு உண்டு. இத்தடையைக் கடப்பதற்காக மைத்துனர் பெயரிலும் மருமகன் பெயரிலும் வாங்கி வைப்போர், பணத்தோடு உறவையும் ஒருங்கே பணயம் வைக்கின்றனர்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். எமது குடாநாட்டுக்கு ஓடும் ஆறு இல்லை. நிலத்தின் கீழ் உள்ளது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மாரி மழை தங்கி, கீழேயுள்ள உவர் நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. மேலுள்ள நன்னீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும். ஆதலின் மாரியிற் பார்த்த கிணறு எல்லாம் நல்ல கிணறே. ஆவணி, புரட்டாதி மாதங்களிற் பார்க்கவேண்டும். அப்போது நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கின்றது, ஒரு மணித்தியாலம் இறைத்த பின் எத்தனை நேரத்தில் ஊறுகின்றது, சுவை மாறுகின்றதா என்று அறிதல் வேண்டும். வீட்டைப் பார்ப்பதற்கோ கார்த்திகை அடைமழையே தக்க காலம். ஒழுக்கும், சுவர் ஈரமும், முற்றத்தில் நிற்கும் வெள்ளமும், ஒழுங்கையிற் புதையும் சக்கரமும் அப்போதுதான் தெரியும். இரண்டு பருவமும் காத்திருக்க இயலாதவர் அயல்வீட்டாரிடம் கேட்கட்டும். அவர்கள் விற்பவர் சொல்லாததைச் சொல்வார்கள்.

எமது இல்லாள் வீடு பார்க்கச் சென்ற இடமெல்லாம் கிணற்று நீரில் ஒரு போத்தல் கொண்டுவந்துவிடுவார். அதில் தேநீர் காய்ச்சினால் மேலே ஆடை படர்கின்றதா, பருப்பு நெடுநேரம் அவியாமற் கிடக்கின்றதா என்று பார்ப்பார். நீரின் வன்மையை அறிவதற்கு இதனினும் எளிய சோதனை இல்லை. ஆயினும் நாவுக்குத் தெரியாத தீங்கும் உண்டு. தோட்டத்துக்கு இடும் இரசாயனப் பசளையிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே கிணற்றைச் சேர்கின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிக்கிராமுக்கு மேற்படலாகாது; புட்டிப் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அதனால் உயிராபத்தே நேரலாம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் இருத்தல் வேண்டும். எமது சுண்ணக்கல் நிலத்தில் அதனினும் கூடுவது நன்று. வேலிக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே இருக்கின்றது என்பதையும் எட்டிப் பார்க்கவேண்டும். ஆய்வுகூடத்தில் நீரைச் சோதிப்பிக்கும் செலவு, வாசல் திசை பார்ப்பவருக்குக் கொடுக்கும் தட்சிணையை ஒத்ததே. மனையடி சாஸ்திரத்தை நாம் பழிக்கவில்லை. அதைப் பார்த்த கண்ணால் மலக்குழியையும் பாருங்கள் என்கிறோம்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மேசன் ஒருவரையும் தச்சர் ஒருவரையும் கூலி கொடுத்து அழைத்துச் சென்றால் அரை நாளிற் சொல்லிவிடுவார்கள். பனஞ் சிலாகையிற் கறையான் ஏறியிருக்கின்றதா என்று தட்டிப் பார்ப்பதும், புதிதாக வெள்ளையடித்த ஒரேயொரு சுவரை ஐயத்தோடு நோக்குவதும் போதும். உள்ளூராட்சி மன்றம் அனுமதித்த வரைபடம் உண்டா, வீதி அகலிப்புக்கு எவ்வளவு நிலம் போகும் என்பவற்றை எழுத்திற் பெறுக.

விற்பதற்கு வீட்டை ஆயத்தம் செய்தல் என்றதும் தீந்தை வாளியைத் தூக்குவது வழக்கமாகிவிட்டது. முதலில் ஆயத்தம் செய்யவேண்டியவை கடுதாசிகள். எமது தாயார் மரணசாதனம் எழுதாமற் காலமானார். அக்கா, நாம், இலண்டனில் உள்ள தம்பி என மூவர்க்கும் உரிமை. மரணசாதன வழக்கு முடியவும், தம்பியின் அற்றோணித் தத்துவம் வந்து பதிவாகவும் ஓராண்டு கழிந்தது. தம்பி முதலில் இணங்கவில்லை. "அம்மாவின்ர வீட்டை விக்கிறதோ அண்ணை?" என்று தொலைபேசியிற் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தான். மூன்று மாரி பூட்டிக் கிடந்த வீட்டின் முகட்டிலே ஆலங்கன்று முளைத்திருந்ததை அவன் காணவில்லை. அக்காவுக்கோ மகளின் படிப்புக்குப் பணம் வேண்டியிருந்தது. அவர் அதைத் தம்பியிடம் சொல்ல மறுத்துவிட்டார். நாமே சொன்னோம், மறுவாரம் தத்துவத்தில் ஒப்பமிட்டான்.

அடுத்ததாக நில அளவையாளரை அழைத்து எல்லைக்குக் கல் நாட்டுவித்தோம். கிளுவை வேலி கதியால் மாற்றும் போதெல்லாம் ஒரு சாண் நடக்கும் இயல்புடையது. அயலவரை வைத்துக்கொண்டே அளந்தமையால் வாக்குவாதம் எழவில்லை. பின்னர் ஓடு மாற்றி, கிணற்றை இறைத்துச் சேறு எடுத்தோம். சோலைவரி, மின்சாரப் பட்டியல் யாவும் நிலுவையின்றிச் செலுத்திப் பற்றுச்சீட்டுகளை ஒரு கோவையில் இட்டோம். சுவர் வெடிப்பை மறைக்கவில்லை; வந்தவர்க்கு நாமே காட்டினோம். முற்றத்துப் பலாவைத் தறித்து வெளியாக்கும்படி தரகர் சொன்னார். அனுமதியின்றிப் பலாவைத் தறித்தல் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, காய்த்து நிற்கும் பலாவைப் போல வீடு விற்றுத் தரும் தரகர் வேறு இல்லை.

வாங்க முன்வந்தவர் இருவர். ஒருவர் கூடிய விலை சொன்னார். ஆயினும் சுற்றி மதில் எழுப்பிக் கிணற்றை உள்ளடக்கவேண்டும் என்றார். அக்கிணறு பங்குக் கிணறு. அயலிலுள்ள ஆச்சி குடும்பத்துக்கு அதிற் பாதிப் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் எமது பாட்டியார் காலத்து உறுதியிலேயே எழுதப்பட்டுள்ளன. அவர் மதில் எழுப்பினாலும் ஆச்சியின் உரிமை அழியாது என்று சட்டத்தரணி கூறினார். உண்மையே. ஆனால் எண்பது வயதில் ஆச்சி வாளியோடு நீதிமன்றத்துக்குப் போவாரா? அக்காவிடம் கேட்டோம். பணம் தேவைப்பட்டவர் அவர்தாம். சற்றும் தயங்காமல், "மற்றவருக்கே குடுப்பம்" என்றார். இரண்டாமவர் கிணற்றடிப் பாதையைத் திறந்துவிட இசைந்தார். புதிய உறுதியிலும் வரைபடத்திலும் அப்பாதையைத் தெளிவாகக் குறிப்பித்தோம். எழுதிய வாரமே உறுதி பதிவுக்குப் போயிற்று.

கடைசியாக ஒன்று. நிலத்தோடு பொருந்திய யாவும் வீட்டோடு வாங்குபவருக்கே சேரும். கதவு நிலையாயினும், அம்மிக்கல்லாயினும், குரோட்டன் சாடியாயினும், எடுத்துச் செல்ல விரும்புவதை ஒப்பமிடுமுன்னரே வாங்குபவரிடம் சொல்லி எடுத்துவிடவேண்டும். தம்பி வேண்டியது கிணற்றடியிற் கிடந்த பழைய துலாவில் ஒரு துண்டு மாத்திரமே. தச்சரைக் கொண்டு ஒரு முழ அளவில் அறுப்பித்தோம். அடுத்த ஆடியில் வந்து எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். இப்போது எமது விறாந்தையில், செருப்புத் தட்டின் அருகே கிடக்கின்றது.