ஈரத் தடத்தில் ஒரு பாடம்

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்தவர்களுக்குப் பிறர் சொல்லக் கேட்டிருக்கும் பழக்கம் மெல்ல விட்டுப்போவதுண்டு. அரபி இலக்கணமும் தமிழ் இலக்கணமும் சொல்லிக்கொடுத்தே நரைத்துவிட்ட நாம், ஐம்பத்தாறாம் வயதில் மீண்டும் மாணவராக அமர நேர்ந்தது. அதுவும் மத்ரஸாப் பாயிலன்று. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் ஓட்டுநர் இருக்கையில். அங்குக் கற்றவை கார் ஓட்டாத அன்பர்களுக்கும் பயன் தரக்கூடும் எனக் கருதியே இதனை எழுதுகிறோம்.

நம் தம்பி சென்னை மண்ணடியில் வணிகம் செய்பவர். அவருடைய மூத்த மகனுக்கு வயது இருபத்துமூன்று. படிப்பிலோ பெரியவர்களிடம் காட்டும் மரியாதையிலோ அவனிடம் குறை காண இயலாது. குறையெல்லாம் வேகத்தில்தான். இரண்டே இருக்கைகள் கொண்ட, பின்சக்கரங்களால் இயங்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னிரவுகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்துகொண்டிருந்தான். "காக்கா, நீங்கள் சொன்னால்தான் கேட்பான்" என்று தம்பி தொலைபேசியில் கூறியபோது, அவர் குரலில் சினத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. பிள்ளை வீடு திரும்பும் ஓசை கேட்கும்வரை அவன் உம்மா உறங்குவதில்லை என்பதையும் சொன்னார்.

பிள்ளையை அழைத்துப் பேசினோம். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "பெரிய வாப்பா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இந்த வண்டியை நீங்கள் ஒரு முறையேனும் ஓட்டியதில்லையே?" என்றான். அவ்வினாவில் அடக்கக்குறைவு இல்லை, நியாயம் இருந்தது. அறியாத பொருளில் தீர்ப்புரைப்பது நம் துறையிலும் ஏற்கத்தக்கதன்று. ஆகவே, இருவருமாகச் சென்று முறைப்படி கற்போம், அதன் பின்னர் பேசுவோம் என்று உடன்பாடு செய்துகொண்டோம். நாமும் கால் நூற்றாண்டாகக் கார் ஓட்டுபவர்தாம். ஆயினும் காயல்பட்டினத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ஓட்டுவது வேறு, இது வேறு.

சென்னையில் மோட்டார் பந்தயங்கள் முன்னாளில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் நடைபெற்றுவந்தன. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே ஒரு தடம் அமைத்து, 1990இல் திறந்தனர். ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், வளைவுகள் பன்னிரண்டு. நாங்கள் சென்றது ஐப்பசி மாதம். விடியலிலிருந்தே மழை. பயிற்சி நடைபெறாது என்று எண்ணியிருந்தோம். பயிற்றுநரோ, பந்தயங்களில் பல்லாண்டு ஓட்டிய முப்பத்தைந்து வயது இளைஞர், மழையைக் கண்டு மகிழ்ந்தார். "நல்லதுதான் ஐயா. உலர்ந்த தடத்தில் நூற்றுமுப்பதில் தெரிய வேண்டியது, இதில் அறுபதிலேயே தெரிந்துவிடும்" என்றார்.

முதற்பாடம் காரில் ஏறுமுன்னரே தொடங்கியது. அவர் தம் உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் காட்டினார். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ அவ்வளவே. ஒன்றரை டன் எடையுள்ள காரும், அதனுள் இருக்கும் உயிர்களும் நான்கு உள்ளங்கைகளை நம்பி ஓடுகின்றன. அந்தப் பிடிமானத்தை ஒரு பணப்பை என்று கொள்ள வேண்டுமாம். பிரேக் பிடிப்பதற்கும், திரும்புவதற்கும், வேகம் கூட்டுவதற்கும் அந்த ஒரே பையிலிருந்துதான் செலவழிக்க வேண்டும். பிரேக்குக்கே முழுவதையும் செலவிட்டால் திரும்புவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. மழை பெய்தால் பை சுருங்கிவிடுகிறது. செலவாளியோ பழைய வழக்கப்படியே செலவிடுகிறார். விபத்துகளின் மூலத்தை இவ்வளவு எளிதாக யாரும் நமக்கு விளக்கியதில்லை. வணிகர் வீட்டுப் பிள்ளைக்கும் அது உடனே விளங்கிற்று.

இரண்டாவது பாடம் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. உலர்ந்த நாள்களில் பந்தயக் கார்கள் யாவும் ஒரே வழியில் செல்வதால், அவ்வழியில் டயர்களின் ரப்பர் தேய்ந்து படிந்து நல்ல பிடிப்பைத் தருகிறது. மழை விழுந்ததும் அதே படிவு வழுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆதலால் ஈரத்தில் தேர்ந்த ஓட்டுநர்கள் அப்பழகிய வழியைவிட்டு விலகி, மெருகேறாத சொரசொரப்பான பகுதியைத் தேடிச் செல்கிறார்கள். முன்னோர் சென்ற தடத்திலேயே செல்வதைப் பாதுகாப்பாகக் கருதிப் பழகிய நமக்கு, பருவம் மாறினால் தடத்தையும் ஆராய வேண்டும் என்பது சிந்தனைக்குரியதாயிற்று.

பிறகு பிள்ளை ஓட்டினான். சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியைப் பயிற்றுநர் வேண்டுமென்றே அணைத்துவைத்திருந்தார். மூன்று வளைவுகளை நன்றாகவே கடந்தான். நான்காவதில், திரும்பி முடிக்குமுன் ஆக்ஸிலரேட்டரை ஒரு சிறிது அழுத்திவிட்டான். காரின் பின்பாகம் முன்பாகத்தை முந்திக்கொண்டு வந்தது. முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, புல்தரையில் போய் நின்றது. எவருக்கும் ஊறில்லை. அங்கு மரமில்லை, எதிரே வரும் லாரியில்லை, சாலையோரம் நடப்பாரில்லை. இறங்கி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் சென்றேன் என்று வினவினான். "எழுபது" என்றார் பயிற்றுநர். கடற்கரைச் சாலையில் அவன் ஓட்டிய வேகம் அதன் இருமடங்கு. வேகம் இருமடங்கானால் நிற்பதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகிறது என்னும் கணக்கைப் பள்ளியிலேயே படித்தவன் அவன். நம்மைப் பார்த்து, "பெரிய வாப்பா, இது சாலையாக இருந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமலே நிறுத்தினான். நாமும் அதை முடிக்கவில்லை. ஊரிலிருந்து சுமந்து வந்த அறிவுரைகள் அனைத்தும் அப்போது தேவையற்றுப்போயின.

அடுத்து நமது முறை. பின்சக்கரம் வழுக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயில, நீர் தேங்கிய பகுதியில் ஓட்டச் செய்தார்கள். அடிமனம் கேட்பது பிரேக்கை. கண் நாடுவது மோதிவிடுவோமோ என்று அஞ்சும் பொருளை. இரண்டையும் மறுக்க வேண்டும். போக வேண்டிய இடத்தைக் கண் நோக்க வேண்டும். கை அத்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். கால் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகத் தளர்த்த வேண்டும். கார் நேரானவுடன் கையையும் நேராக்கிவிட வேண்டும். தாமதித்தால் மறுபக்கம் வீசி எறிந்துவிடும். முன்சக்கரம் வழுக்கினாலோ, மேலும் திருப்புவதால் பயனில்லை. சற்றே நேராக்கிப் பிடிப்பு மீளும்வரை பொறுத்திருக்க வேண்டும். தேங்கிய நீரை டயரின் பள்ளங்கள் வெளியேற்ற இயலாதபோது கார் நீரின்மேல் மிதக்கிறது. அப்போது ஸ்டியரிங் திடீரெனக் கனமற்றுப்போகும். அதை உணர்ந்த கணத்தில் எதையும் வேகமாகச் செய்யாதிருப்பதே செய்ய வேண்டியது. மாலைக்குள் பத்துச் சறுக்கல்களில் ஏழெட்டை நேராக்கக் கற்றோம்.

அன்று முழுவதும் பயிற்றுநர் சொன்ன சொல் ஒன்றே: "மெதுவாக ஐயா, மெதுவாக." அவர் கருதியது வேகக் குறைவை மட்டுமன்று, கையின் மென்மையை. அரபியில் இதற்கு ‘ரிஃப்க்’ என்று ஒரு சொல் உண்டு. குதிரையேற்றத்தை ‘ஃபுரூஸிய்யா’ எனத் தனிக் கலையாக்கி நூல்கள் பல செய்தவர்கள் அரபு மொழியினர். கடிவாளத்தை வெட்டி இழுக்கும் கைக்குக் குதிரை இசைவதில்லை; ஸ்டியரிங்கும் அவ்வாறே. தமிழில் தேர் செலுத்துவோனுக்கு ‘வலவன்’ என்று பெயர். சங்கப் பாடல்களின் முல்லைத் திணைக்கு உரிய பருவம் கார்காலம். மழை நனைத்த காட்டு வழியில் தேரோட்டித் திரும்பும் தலைவன், வண்டுகள் அஞ்சாதிருக்க மணிகளின் நாவைக் கட்டிவிட்டான் என்று அகநானூறு காட்டுகிறது. விரைந்து வீடு சேர வேண்டிய அவனும் மென்மையை மறந்தானில்லை.

மழையில் ஓட்டிப் புகழ்பெற்றவர்களைப் பற்றியும் அன்று கேட்டறிந்தோம். 1926இல் பெர்லின் நகரின் ஆவுஸ் தடத்தில் மழையில் வென்ற ருடால்ஃப் காரச்சியோலாவை ஜெர்மானியர் மழையின் ஆசான் என்றே அழைத்தனர். 1968இல் நூர்பர்க்ரிங்கில், மழையும் மூடுபனியும் சூழ, ஜாக்கி ஸ்டூவர்ட் நான்கு நிமிடத்திற்கும் மேற்பட்ட இடைவெளியில் வென்றார். அவரேதான் பந்தயங்களில் உயிர்ப் பாதுகாப்பு வேண்டும் என்று விடாது போராடியவரும். ஆயினும் பிள்ளையின் மனத்தில் பதிந்தவர் நிக்கி லாடா. 1976 ஆகஸ்டில் தீயில் கருகி, ஆறே வாரங்களில் பந்தயத்துக்கு மீண்டவர். அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் ஜப்பானின் ஃபூஜியில் பெருமழையில் தொடங்கியது. இரண்டு சுற்றுகளோடு காரை நிறுத்திவிட்டு இறங்கினார். உலகப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹன்ட்டிடம் சென்றது. இயந்திரக் கோளாறு என்று கூறிவிடலாம் என அணியினர் வழிகாட்டியும் அவர் இசையவில்லை. தீயிலிருந்து மீண்டு வந்தவரைக் கோழை என்று எவர் சொல்வார்? மறு ஆண்டே அவர் மீண்டும் பட்டத்தை வென்றார்.

பிள்ளை காரை விற்றுவிடவில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை. வேகம் வேண்டும்போது பணம் கட்டித் தடத்துக்குச் செல்கிறான். மழை இரவுகளில் வண்டியை எடுப்பதில்லை என்று தம்பி சொன்னார். அவன் உம்மா உறங்குகிறாராம்.

அன்பர்களுக்கு ஒரு சொல். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும். அந்நேரத்தில் முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமான தூரத்தை இருமடங்காக்குங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவினுள் குறைக்க முயலாதீர்கள். தேய்ந்த டயரை ஐப்பசி பிறக்குமுன் மாற்றிவிடுங்கள். மழை வலுத்துக் கண் தெரியாவிட்டால் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி நில்லுங்கள். தாமதமாக வருபவரை வீட்டார் கடிந்துகொள்ளலாம். அக்கடிதலைக் கேட்க வீடு வந்து சேர்வதே பெரும் பேறு.