வெப்பமும் நஞ்சும்

மகிழுந்துக்குள் வெப்பம் வேண்டுமென்று விரும்புவோரை நம் ஊர்ப்பக்கம் காண்பது அரிது. ஆகவே, சூடான காற்றை வண்டிக்குள் கொண்டுவரும் குழாய்களைப் பற்றியும் ஒரு கட்டுரையா என வாசகர் வியக்கக்கூடும். பணி நிமித்தம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்து நாம் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது. அண்டை வீட்டில் பணி ஓய்வு பெற்ற கடைசல் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவருடைய கொட்டகையில் 1970களின் தொடக்கத்தில் உருவான போர்ஷே 911 ஒன்று நின்றது. அதற்கு வெப்பக் குழாய்களைப் பொருத்தும் வேலையில் அந்த முதியவருக்குத் துணை நின்ற நாள்களில் நாம் கற்றதையே ஈண்டு எழுதுகிறோம்.

இவ்வகை வண்டி 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இதன் எஞ்சின் வண்டியின் பின்புறத்தில் உள்ளது. 1990களின் பிற்பகுதி வரை அது நீரால் அன்றிக் காற்றாலேயே குளிர்விக்கப்பட்டது. நீரால் குளிரும் வண்டிகளில், சூடேறிய நீரைச் சிறு ரேடியேட்டர் ஒன்றில் செலுத்தி உள்ளறையை வெதுவெதுப்பாக்குவர். நீரே இல்லாத எஞ்சினில் அதற்கு வழியில்லை. எனவே வடிவமைத்தோர் புகைக்குழாயின் சூட்டையே பயன்படுத்தினர். எஞ்சின் விசிறி தள்ளும் காற்றில் ஒரு பங்கைப் பிரித்து, புகைக்குழாயைச் சுற்றிப் போர்த்திய தகட்டு உறைக்குள் செலுத்தினர். அவ்வுறையோடு கூடிய குழாய்க்கு வெப்பமாற்றி என்று பெயர். அங்கே சூடேறும் காற்று, கதவுகளின் அடிப்பகுதியிலுள்ள குழல்கள் வழியே பயணிகளின் காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் வந்து சேரும். வெப்பம் வேண்டாதபோது ஒரு நெம்புகோலைத் தள்ளினால், அக்காற்று வண்டிக்கு அடியிலேயே வெளியேறிவிடும். வீணே போகும் சூட்டைப் பயனாக்கிய சிக்கனம் போற்றத்தக்கது.

முதியவரின் வண்டியில் இந்த ஏற்பாடு இல்லை. அதை முன்பு வைத்திருந்தவர் வேகப் பித்தர். 84 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர்களை நீக்கி 90 மில்லிமீட்டர் சிலிண்டர்களைப் பொருத்தி, 2341 கன சென்டிமீட்டர் எஞ்சினை 2687 ஆக்கியிருந்தார். 1973ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கரேரா ஆர்.எஸ். வண்டியின் அளவும் அதுவே. அதனோடு அமையாமல், வெப்பமாற்றிகளைக் கழற்றிவிட்டு, பந்தய வண்டிக்குரிய உறையற்ற குழாய்களை மாட்டி, விசிறிக் கூட்டிலிருந்து காற்றுப் பிரியும் வாய்களையும் அடைத்துவிட்டார். எடை குறைந்தது, ஓசை கூடியது. ஆனால் குளிர்நாளில் ஓட்டுநரின் மூச்சே முன்கண்ணாடியில் பனியாகப் படிந்தது. ஒரு கையால் துடைத்தபடி மறு கையால் ஓட்ட வேண்டியிருந்தது. வெப்பம் சுகத்துக்காக மட்டுமன்று, பார்வைக்காகவும் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். முதியவரின் எட்டு வயதுப் பேத்திக்கு அவ்வண்டியில் தாத்தாவோடு செல்ல ஆசை. கண்ணாடி தெளியாத வண்டியில் குழந்தையை அனுப்ப இயலாது என்று அவள் தாய் உறுதியாகச் சொல்லிவிட்டார். இந்த வேலைக்கு வித்திட்டது அச்சொல்லே.

பந்தயக் குழாய்களைக் கழற்றவே இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. துருவேறிய நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் எஞ்சினில் பதிந்த ஸ்டட் முறிந்துவிடும். பிறகு எஞ்சினையே இறக்க நேரும். சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து, கால் சுற்றாகத் திருப்பினோம்.

பழைய உதிரிப்பொருள் விற்பவர் ஒருவரிடமிருந்து ஓர் இணை வெப்பமாற்றிகள் வந்தன. கறுப்பு வண்ணம் பூசப்பட்டுப் புதியனபோல் இருந்தன. நல்ல நிலையில் உள்ளவை என்று விற்றவர் உறுதியும் அளித்திருந்தார். முதியவரோ அவற்றை உடனே மாட்டவில்லை. புகை நுழையும் மூன்று வாய்களையும் வெளியேறும் வாயையும் அடைத்து, உள்ளே மெல்லக் காற்றடித்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். இடப்பக்கத்துக்குரியது அமைதியாகக் கிடந்தது. வலப்பக்கத்ததின் உறைவாயிலிருந்து நூல்போல் குமிழிகள் எழுந்தன. கண்ணுக்கெட்டாத உட்குழாயில் எங்கோ ஓட்டை!

அந்த ஓட்டையின் பொருள் யாது? எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைகிறது. தலைவலி, மயக்கம், மரணம் என்று படிப்படியாக இட்டுச் செல்கிறது. 2019 ஜனவரியில் அர்ஜென்டினக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிச் சென்ற சிறு விமானம் ஆங்கிலக் கால்வாயில் வீழ்ந்தது. அவ்விமானத்திலும் உள்ளறைக்கான வெப்பம் புகைக்குழாயைச் சுற்றிய காற்றிலிருந்தே பெறப்பட்டது. சாலாவின் குருதியில் 58 விழுக்காடு ஹீமோகுளோபினை இந்த நஞ்சு பற்றியிருந்தது. விமானியும் அதனால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று 2020இல் வெளியான பிரித்தானிய விசாரணை அறிக்கை கூறியது. ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி அதில் இல்லை.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்த வெப்பமாற்றியை வேறு எவருக்கேனும் விற்றுவிடலாமே என்று நாம் கேட்டோம். முதியவர் விடை கூறாமல் வாளை எடுத்து அதன் உறையை அறுத்தார். துருவின் நடுவே கடுகினும் சிறிய துளை ஒன்று தெரிந்தது. “இனி இதை யாரும் வண்டியில் மாட்ட முடியாது” என்றார்.

வண்டிக்குப் புது வண்ணம் பூசச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் துருப்பிடிக்காத எஃகினாலான புதிய இணை வாங்கப்பட்டது. அவற்றையும் நீரில் அமிழ்த்திப் பார்த்த பின்னரே பொருத்தினார். விசிறிக் கூட்டின் வாய்களைத் திறந்து, வெப்பம் தாங்கும் வளைகுழாய்களை இணைத்தோம். வலப்பக்கத்தில் எண்ணெய்க் குழாய்கள் நெருங்கிச் செல்வதால், உரசாதபடி இடைவெளி விட்டுப் பட்டையிட்டு இறுக்கினோம். அங்கே ஒரு துளி எண்ணெய் ஒழுகிச் சூட்டில் கருகினாலும் அதன் புகை உள்ளே வந்துவிடும். இறுதியாக, நஞ்சை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி ஒன்று குழந்தையின் இருக்கையருகே அமைந்தது.

ஓட்டிப் பார்த்த அன்று சில மணித்துளிகளில் கண்ணாடி தெளிந்தது. விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், சிக்னலில் நிற்கும்போது வெப்பம் குன்றியது. வண்டி விரைந்தபோது மீண்டது. எத்தனை குதிரைத்திறன் குறைந்திருக்கும் என்று வினவினோம். “அளந்து பார்க்கவில்லை” என்றார்.

எஞ்சினின் திறனைக் கூட்டியவரும் கைவினை அறிந்தவரே. அவரை நாம் பழிக்கவில்லை. ஆனால் விற்றிருக்கக்கூடிய ஒரு பொருளை, முகமறியாத எவரோ ஒருவரின் உயிருக்காக அறுத்தெறிந்த அந்த முதியவரின் கைகளையே நம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துக்காட்ட விழைகிறோம்.