பாண்டி நம்பர் போலோ

கடலூரில் பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது நல்லது. கடைசி சாண் வரை இழுக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்தபோது, கரையோரத் தெருக்களில் எத்தனையோ வண்டிகள் மூழ்கி நின்றன. சீட்டைக் கழற்றிக் கழுவி, பாலிஷ் போட்டு, டேஷ்போர்டில் வாசனை டப்பா ஒன்றை வைத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெல்ட்டின் உள்சுருளை யாரும் கழுவுவதில்லை. வண்டல் கோடு அங்கே அப்படியே இருக்கும்.

நான் பார்த்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இதில் தேறிவிட்டது. பாண்டி நம்பர். அங்கே வரி குறைவு, அதனால் விலையும் சற்றுக் குறைவு. சிதம்பரத்தில் வைத்து ஓட்ட வேண்டுமென்றால் என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, டிஎன் 91 ஆக்க வேண்டும் என்பதைப் புரோக்கர்கள் தாமாகச் சொல்வதில்லை. போகட்டும். ஆல்பேட்டை தாண்டி ஒரு சுற்று ஓட்டினேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னைத் தயங்க வைத்தது அந்த கியர்பாக்ஸ் உலகம் முழுக்க வாங்கிய பெயர்தான்.

ஏழு கியர் டிஎஸ்ஜி. உள்ளே இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராக நிற்கும், மாறுவதே தெரியாது. சுகமான ஏற்பாடு. ஆனால் இந்த வகையில் கிளட்ச் எண்ணெயில் மூழ்கி இருப்பதில்லை, சூட்டைத் தானே தாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது மெக்கட்ரானிக்ஸ் என்ற பெட்டி. 2013 மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி இதைக் கிழித்த பிறகு, ஃபோக்ஸ்வாகன் அங்கே 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களுக்கு செயற்கை கியர் ஆயிலை மாற்றி மினரல் ஆயில் ஊற்ற முடிவானது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் பழைய ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று காரணம் சொன்னார்கள். கடலூரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

புவனகிரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பியிடம் கேட்டேன். "இஞ்சின நான் பாத்துக்கறேன்ணே. அந்தப் பொட்டிய மட்டும் என்னைத் தொடச் சொல்லாதீங்க" என்றான். நேர்மையான பதில். அந்தப் பெட்டிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், பழகிய ஆள் வேண்டும். இரண்டுக்கும் பாண்டிக்கோ சென்னைக்கோதான் வண்டியை ஏற்றி அனுப்ப வேண்டும். இந்தியாவில் போலோ விற்பனையே 2022-இல் நின்றுவிட்டது என்பது வேறு.

ஆனாலும் இந்தக் காரை நான் மோசம் என்று சொல்ல மாட்டேன். என்ன கெடும், கெட்டால் என்ன செலவு என்று ஊரறிந்த குறைக்கு விலை போட்டுப் பேரம் பேசலாம். 'டாக்டர் வச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனர்' என்று மினுக்கிக்கொண்டு வந்து நிற்கும் வெள்ளத்து வண்டிதான் எனக்குப் பயம்.

முடிவைச் சொன்னது தெருதான். என் வீடு சிதம்பரத்தில், தெற்கு வீதிப் பக்கம். சாதாரண நாளிலேயே பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பின்னால் அடி அடியாக ஊர வேண்டும். ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா வந்தால் கேட்கவே வேண்டாம். ஊர்வதுதான் இந்த கிளட்ச்சுக்கு எமன். கடலூர் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டி என்றால் யோசித்திருக்க மாட்டேன்.

என் சித்தப்பா மகன் செம்மண்டலத்தில் இருக்கிறான், வியாபார விஷயமாக வாராவாரம் சென்னைக்குப் போய்வருபவன். அவனிடம் சொன்னேன். "ஆயில் மாத்துன பில் இருக்காண்ணா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. இருந்தது. மெக்கட்ரானிக்ஸ் மாற்றும் செலவை அப்படியே விலையில் கழித்துக் கேட்டான். புரோக்கர் முறுக்கிக்கொண்டார், பிறகு இறங்கி வந்தார். வண்டி இப்போது அவனிடம். பழுதானால் சென்னையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவானாம்.

நான் கையால் கியர் போடும் ஸ்விஃப்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். தெற்கு வீதியில் இடது கால் வலிக்கும்தான். புவனகிரித் தம்பி கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான்.