மாத்தளைச் சாலையில் கறுவா எண்ணெய்

சென்ற மாதம் ஸ்பெயினிலிருந்து திரும்பிய என் பழைய பத்திரிகை நண்பர் ஒருவர், ஒரு தகரக் குப்பி ஆலிவ் எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்ததோடு, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அரைமணி நேரம் பாடமும் நடத்தினார். காய் பறித்த பருவம் குப்பியில் அச்சாகியிருக்க வேண்டுமாம். வெளிச்சம் புகாத கரும்புட்டியாகவோ தகரமாகவோ இருக்க வேண்டுமாம். நாவில் விட்டால் தொண்டையில் இலேசாகக் காரம் ஏற வேண்டுமாம். 1981இல் அதே ஸ்பெயினில், தொழிற்சாலைத் தேவைக்கென்று இறக்கிய ரேப்சீட் எண்ணெயை ஆலிவ் எண்ணெய் என்று சொல்லி விற்றதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டதையும், ஏறத்தாழ இருபதாயிரம் பேர் நோயுற்றதையும் நான் அவருக்கு நினைவூட்டினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

பிரயாணத்தில் எண்ணெய் வாங்கப் போன அனுபவம் எனக்கும் ஒன்று உண்டு. நடந்த இடம் ஸ்பெயின் அன்று, கண்டி. இதுநாள்வரை அதை எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம் இருந்தது.

2017 ஜூலையில் நானும் என் மனைவியும் இலங்கை சென்றோம். புறப்படும்போது என் அக்கா ஒரு வேலை கொடுத்திருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய். யாரோ சொன்ன பேச்சைக் கேட்டுத் தினமும் காலையில் பட்டைப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடித்துவந்தார். தமிழ்நாட்டுக் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் சீனா, வியட்நாம், இந்தோனேசியா பக்கத்திலிருந்து வரும் காசியா. அதில் கூமரின் என்ற பொருள் மிகுதி; நாள்தோறும் அதிகமாக உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். 2006இலேயே ஜெர்மானிய அரசின் ஆய்வு நிறுவனம் இதைப் பற்றி எச்சரித்தது. இலங்கைக் கறுவாவில் அந்தப் பொருள் பெயரளவுக்குத்தான். இதை நான்தான் அக்காவுக்குப் பெருமையாக விளக்கினேன். விளைவு: “அப்படியானால் அசல் பட்டையாக ஒரு கிலோ வாங்கி வா. அதன் எண்ணெயும் ஒரு புட்டி. ஒரு சொட்டு வெந்நீரில் விட்டால் போதுமாம்.”

(ஈழத்தில் அதற்குக் கறுவா என்றுதான் பெயர். கொழும்பின் சீமான்கள் வசிக்கும் பகுதி கறுவாத்தோட்டம். அங்கே போய் இலவங்கப்பட்டை என்று கேட்டால் கிராம்பைக் கேட்கிறோமோ என்று விழிக்கிறார்கள்.)

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் பாதை, யாழ்ப்பாணம் வரை நீளும் ஏ-9 நெடுஞ்சாலையின் தொடக்கம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள் நிறைந்த அக்குறணையைத் தாண்டி மேலே போனால், சாலையின் இருமருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள் என்ற பலகைகள். நாம் எங்கும் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்காரரே ஒரு தோட்டத்துக்குள் திருப்பிவிடுகிறார். விற்பனையில் அவருக்கும் பங்கு உண்டென்பதை அவரும் மறைக்கவில்லை.

தோட்டம் உண்மையிலேயே அழகாக இருந்தது. மிளகுக் கொடி, ஏலச்செடி, ஜாதிக்காய் மரம், கொக்கோ, வனிலா எல்லாம் ஒவ்வொன்று, பாடப்புத்தகத்தில் படம் போட்டதுபோல. வழிகாட்ட வந்த இளைஞருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். எங்களுக்கு முன்னால் போன வெள்ளைக்காரக் குடும்பத்தோடு ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டிருந்தவர், எங்களிடம் ஆங்கிலத்தில் தொடங்கினார். நான் மனைவியிடம் தமிழில் ஏதோ சொன்னதும் அவர் முகம் மாறியது. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவராம். பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்று கேள்வியாம்.

கறுவாக் கிளை ஒன்றை எடுத்து அவர் உரித்துக் காட்டியதை மறக்க முடியாது. மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, கத்தி நுனியால் இரண்டு கீறல் போட்டார். உட்பட்டை சட்டைபோலக் கழன்று வந்தது. காய்கையில் அதுவே சுருண்டுகொள்ளும். இதே பட்டைக்காகத்தான் ஒல்லாந்தர் கண்டி மன்னரின் காடுகளுக்குள் ஆள் அனுப்ப அனுமதி கேட்டு நின்றார்கள். மன்னர் மனம் வைத்தால் பட்டை, இல்லாவிட்டால் இல்லை. மதுரை நாயக்கர் வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனோடு பல்லாண்டு போரிட்டு 1766இல் ஓர் உடன்படிக்கையை எழுதி வாங்கினார்கள். கொழும்பு மருதானையில் அவர்கள் கறுவாவைத் தோட்டப்பயிராக நட்டதும் அந்தக் காலத்தில்தான்.

கடைசியில் வழக்கம்போல விற்பனைக் கூடம். அதற்கு நாலடி முன்னால் அவர் கேட்டார், “எண்ணெய் யாருக்குங்க?”

“என் அக்காவுக்கு. வெந்நீரில் விட்டுக் குடிக்க.”

அவர் நின்றுவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கறுவா இலை ஒன்றைக் கிள்ளி எங்களிடம் காட்டுவதுபோல் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: “குடிக்கிறதுக்கா? வேணாங்க ஐயா. பட்டை எண்ணெய்னு எழுதியிருக்கும். இது எலையில எடுத்தது. மோந்து பாருங்க, கிராம்பு வாசம் வரும். நான் சொன்னேன்னு தெரியவேண்டாம்.”

இலையைக் கசக்கி முகர்ந்தேன். பல் வைத்தியர் அறையின் வாசனை. பட்டை எண்ணெயின் மணம் சின்னமால்டிஹைடு என்ற பொருளால் வருவது. இலை எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். கிராம்பு எண்ணெயில் இருப்பதும் அதுவேதான். பட்டையில் எண்ணெய் கிடைப்பது சொற்பம்; இலை குவிந்து கிடப்பது. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கூடத்தில் மேலாளர் புன்னகையோடு சின்னஞ்சிறு புட்டியை எடுத்து வைத்தார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் மூடியைத் திறந்து முகர்ந்தேன். கிராம்பேதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் மனைவி அப்படித்தான் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனால் நாற்பது வருடம் செய்தி எழுதியவனுக்கு, தெரிந்ததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

“இது இலையில் வடித்தது. பட்டை எண்ணெய் என்று எழுதி விற்கிறீர்களே?”

அவர் புன்னகை அப்படியே இருந்தது. “யார் சார் சொன்னது?”

“என் மூக்கு.”

சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்லும்போது என் கண் ஒரு கணம் வாசலில் நின்ற அந்த இளைஞர் பக்கம் போய்விட்டது. மேலாளரும் அந்தத் திசையில் பார்த்தார். அவ்வளவுதான். யாரும் எதுவும் பேசவில்லை. இளைஞர் எங்கள் செருப்புகளைத் திருப்பி வைத்துவிட்டு வணக்கம் சொன்னார்.

என் பத்திரிகை வாழ்க்கையில், தகவல் தந்தவர் பெயரைக் கேட்டு மிரட்டியவர்கள் உண்டு. ஒருவர் பெயரையும் நான் வெளியிட்டதில்லை. அதைப் பற்றிப் பயிற்சி நிருபர்களுக்கு வகுப்புகூட எடுத்திருக்கிறேன்.

கறுவாப் பட்டையை மறுநாள் கண்டி மத்திய சந்தையில் ஒரு முதியவரிடம் வாங்கினேன். அக்குறணைக்காரர். ‘அல்பா’ என்பது எல்லாவற்றிலும் மெல்லிய ரகம், குச்சியின் விட்டம் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகாது என்றார். குறுக்கே ஒடித்துக் காட்டினார். உள்ளே காகிதம் காகிதமாகச் சுருட்டு மாதிரி அடுக்கு. காசியா ஒரே தடித்த பட்டையாக இருபுறமும் சுருண்டிருக்கும், விரலால் ஒடியாது. நல்ல கறுவா பெரும்பாலும் காலி, மாத்தறைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, கண்டியில் வாங்குவதானால் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும்தான் வாங்க வேண்டும் என்று தன் வியாபாரத்துக்கு விரோதமாகவே பேசினார். எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். அசல் கறுவா எண்ணெய், இலையோ பட்டையோ, தண்ணீரில் விட்டால் அடியில் இறங்கும். மிதந்தால் தேங்காய் எண்ணெய் கலந்தது என்றார். “ஆனா, குடிக்க எதுவும் வாணாம்” என்றும் சேர்த்துக்கொண்டார். அக்காவுக்கு எண்ணெய் வாங்கவில்லை. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

2022 பிப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் குறியீடு அது. செய்தியைப் படித்தபோது கறுவா நினைவுக்கு வரவில்லை. வாசலில் செருப்பைத் திருப்பி வைத்த கைகள்தாம் வந்தன.

2023 ஆகஸ்டில் மறுபடி போனேன். மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதை ஒட்டி, அவர்களுடைய முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு மாத்தளையில் முடிந்தது. அதைப் பார்க்கத்தான் போனேன். கண்டியிலிருந்து போகும்போது, அந்தத் தோட்டத்தின் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

பலகைக்குப் புதிய வர்ணம் அடித்திருந்தார்கள். வாசலில் காவலர், வயதானவர், தமிழர். இன்ன அங்க அடையாளம், ஜெர்மன் பேசுவார் என்று சொல்லி விசாரித்தேன்.

“அந்தப் பையனா? அவன் எப்பவோ போயிட்டானுங்களே.”

“எப்போது? கொரோனா காலத்திலா?”

“அதுக்கெல்லாம் முன்னாடிங்க. ஏன் போனான்னு தெரியல. நீங்க சொந்தக்காரங்களா?”

இல்லை என்றேன். உள்ளே வந்து தோட்டத்தைப் பார்க்கிறீர்களா, இலவசம்தான் என்றார். மாத்தளைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.