அந்தி வானமும் நத்தைகுத்தி நாரையும்

மாலை வெளிச்சத்தில் பறவைகளை நிழலுருவாகப் படம் பிடிப்பது, வடக்கே பணி மாற்றலாகி வந்த பின்னர் எனக்கு ஏற்பட்ட பழக்கம். ஊரில் இருந்தவரை மாலை என்பது விடைத்தாள் கட்டுடன் வீடு திரும்பும் நேரம், அவ்வளவே. ஆக்ராவுக்கு வந்தபின், அங்கிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்கா என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தனதாக்கிக்கொண்டது.

சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சதுப்புநிலம் அது. முன்பு பரத்பூர் மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938ஆம் ஆண்டில் ஒரே நாளில் நான்காயிரத்திற்கும் மேற்பட்ட பறவைகள் இங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன. அத்தகைய வேட்டைகளின் கணக்கைப் பொறித்த கற்பலகை இன்றும் பூங்காவினுள் நிற்கிறது. 1982இல் இவ்விடம் தேசியப் பூங்காவாயிற்று. 1985இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. துப்பாக்கி நீட்டிய கரையில் இன்று கேமராக்களை நீட்டுகிறார்கள். மகிழ்ச்சிதான். எனினும், பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டி, உறங்க வந்த கூட்டத்தை எழுப்பிவிடுவோரை அங்கே பலமுறை கண்டிருக்கிறேன். நாள் முழுதும் இரை தேடிக் களைத்த பறவை இருட்டும் வேளையில் மறுபடியும் இடம் தேடி அலைய வேண்டும். அப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அதைப் பார்க்கப் பிடிப்பதில்லை.

நிழலுருப் படத்திற்குப் பொறுமையே பெரிய முதலீடு. பறவைக்குப் பின்னால் வானம் ஒளிர வேண்டும். நாம் ஒளியை நோக்கி நிற்க வேண்டும். தானாக இயங்கும் கேமரா, கருத்துத் தெரியும் பறவையைக் கண்டதும் படத்தை வெளிச்சமாக்க முயல்கிறது. அதனால் செம்மை பூத்த வானம் வெளுத்துப் போகிறது. ஆகவே பறவையை விட்டுவிட்டு வானத்தின் ஒளியை அளக்க வேண்டும். கைப்பேசியானால், திரையில் ஒளிர்ந்த வானப்பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். பறவை கரிய உருவாகிவிடும். வானம் தன் நிறத்தைக் காத்துக்கொள்ளும். கதிரவன் சுடர்விடும்போது கேமராவின் கண்ணாடி வழியே அதை நேராக நோக்கக்கூடாது. கண்ணுக்கு ஊறு விளையும். அடிவானத்தைத் தொட்ட கதிரவன் மூன்று நிமிடத்திற்குள் மறைந்துவிடுகிறது. அந்த மூன்று நிமிடத்திற்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் விடை இல்லை.

நிழலுருவில் நிறம் இல்லை, இறகின் கோலம் இல்லை, கண் இல்லை. எஞ்சுவது விளிம்பு ஒன்றே. எனவே பறவை நம்மை நேராகப் பார்த்தால் படம் வெறும் கரிக்கட்டிதான். அது பக்கவாட்டில் திரும்பி, அலகு தனித்து, கால்களுக்கிடையே வானம் தெரியும்வரை பொறுத்திருக்க வேண்டும். இவ்வாறு காத்திருந்தபோதுதான் தமிழ்ப் பறவைப் பெயர்களின் அருமை எனக்குப் புரிந்தது. மஞ்சள் மூக்கு நாரை என்ற பெயர் அந்தியில் பயன்படாது. மஞ்சள் எங்கே தெரிகிறது? ஆனால் அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா ஆகிய பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வளைந்த அலகு, தட்டையான அலகுநுனி, பாம்புபோல் நீரிலிருந்து எழும் கழுத்து என ஒவ்வொன்றும் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். அந்தியிலும் விடியலிலும் வயலில் நின்றவர்கள் வைத்த பெயர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சென்ற அக்டோபர் இறுதியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் எங்களோடு வந்தாள். தந்தை படையில் பணிபுரிபவர். அவள் பிறந்ததே ராஜஸ்தானில். தமிழ் கேட்டால் புரியும், பேச்சு நான்கு சொற்களில் நின்றுவிடும். பட்ட மரத்தின் உச்சியில் நாரை ஒன்று வந்து அமர்ந்தது. அவள் தந்தையின் கைப்பேசியில் படமெடுத்தாள். "மேம், எல்லாமே கறுப்பா இருக்கே" என்றாள். பெரிதாக்கிக் காட்டினேன். மூடிய அலகின் நடுவே சிறிய இடுக்கு. அதன் வழியே செவ்வானம் ஒரு நெல்மணி அளவுக்கு ஒளிர்ந்தது. பகல் வெளிச்சத்தில், நாணல்களின் நடுவே, அந்த இடுக்கு எளிதில் கண்ணில் படாது. எங்களை ஏற்றிவந்த ரிக்‌ஷாக்காரர் "கோங்கில்" என்றார். இந்தியில் கோங்கா என்றால் நத்தை. நத்தைகுத்தி நாரை என்று நான் சொன்னதும் அவள் இரண்டு பெயர்களையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய பாட்டி மதுராந்தகத்தை அடுத்த சிற்றூரில் வாழ்கிறார். அருகிலேயே வேடந்தாங்கல் ஏரி. அங்கும் இந்த நாரைகள் கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகும் என்பதால் அப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள். பாட்டியோடு ஞாயிறுதோறும் தொலைபேசியில் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதோடு அவளுடைய பேச்சு முடிந்துவிடுவது வழக்கமாம். அன்றிரவு பெயர் எதுவும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாள். உடனே அழைப்பு வந்திருக்கிறது.

"நத்தகுத்திதானே கண்ணு? வாயில சந்து தெரியுதே!"

"ஆமா ஆயா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க களத்துமேட்டுல நிக்கும். குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, பார்த்திருக்கியா?"

பேச்சு அரைமணி நேரம் நீண்டதாகத் திங்கட்கிழமை அவள் வகுப்பில் சொன்னாள். களத்துமேடு என்றால் என்னவென்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். குஞ்சின் அலகு இடைவெளியின்றி நேராகவே இருக்கும், வளர வளரத்தான் இடுக்கு தோன்றும் என்பதும் உண்மையே. அதன்பிறகு இருமுறை பரத்பூர் சென்றுவந்தோம். இடுக்கு இல்லாத நாரையின் நிழலுரு இன்னும் கிடைக்கவில்லை. மரக்கிளைகள் இருளில் கரையும்வரை கைப்பேசியைத் தாழ்த்தாமல் அவள் நின்றுகொண்டிருந்தாள். பூங்காவை மூடும் நேரமாகிவிட்டது என்று ரிக்‌ஷாக்காரர்தான் மணியடித்து அழைத்தார்.