உப்புத்தாள் வட்டு: வெல்க்ரோவா, பசையா?

மதரஸாவின் பழைய ரைஹால் பலகைகளால் பிள்ளைகளின் விரல்களில் சிராய் ஏறத் தொடங்கியது. அவற்றைத் தேய்த்துச் சீராக்க, ஊரார் தந்த தொகையில் மின்சாரக் கைத்தேய்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கினோம். அதற்கு எவ்வகை உப்புத்தாள் வட்டு வாங்குவது என்பது அடுத்த வினாவாயிற்று.

முதுகில் பசை பூசிய வட்டு விலை மலிவானது. ஆயினும் ஒருமுறை உரித்துவிட்டால் பசையில் மரத்தூள் படியும்; மீண்டும் சரிவர ஒட்டாது. பாதி தேய்ந்த தாளையும் எறிய நேரும்.

வெல்க்ரோ வட்டின் விலை சற்றுக் கூடுதல். ஆனால் ஒரு ரைஹாலைத் தேய்க்க 80, 120, 180 என மூன்று தரத் தாள்களை மாற்ற வேண்டியுள்ளது. வெல்க்ரோவை நொடியில் கழற்றலாம். கழற்றியதை அடுத்த பலகைக்கும் பயன்படுத்தலாம். அமானிதமாக வந்த பணத்திற்கு அதுவே சிக்கனம் என முடிவு செய்தோம். ஒன்றே கவனிக்கத்தக்கது: அழுத்தித் தேய்த்தால் சூட்டில் திண்டின் நுண்கொக்கிகள் மழுங்கிவிடும். இயந்திரத்தின் எடையே போதுமானது.

பசை வட்டுக்கும் உரிய இடமுண்டு. தச்சுப்பட்டறையில் நிலையாகப் பொருத்திய வட்டத்தேய்ப்பு இயந்திரத்தில் ஒரே தரத் தாள் பல நாள் ஓடும். இடையே மெத்தென்ற அடுக்கு இல்லாமையால் மரத்தின் விளிம்பும் மழுங்காமல் நேராக அமையும்.

வாங்குமுன் திண்டைத் தடவிப் பாருங்கள்: சொரசொரப்பாக இருப்பின் வெல்க்ரோ, வழவழப்பாக இருப்பின் பசை. தூசி உறிஞ்சும் துளைகளும் பொருந்த வேண்டும். விலையை மட்டும் பாராது, ஒரு நாளில் எத்தனை முறை தாள் மாற்றுவோம் என எண்ணினால் விடை தெளிவாகும்.